சம்பளப் பட்டியலும் அம்புக்குறிக் கணக்கும்: கேட்டகரி தியரி ஓர் எளிய அறிமுகம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் பழகும் புரோகிராம்களில் எக்ஸெல்லும் ஒன்று. வீட்டு வரவு செலவு, சீட்டுக் கணக்கு, கல்யாணத்திற்குப் பத்திரிகை வைக்க வேண்டியவர்களின் பட்டியல் என்று எல்லாவற்றையும் அதில்தான் போடுகிறோம். ஒரே ஒரு லிஸ்ட் இருக்கும் வரையில் எந்தத் தொந்தரவும் இல்லை. இரண்டு லிஸ்ட்டுகளை ஒன்றாகச் சேர்க்கும்போதுதான் வம்பு ஆரம்பிக்கிறது. அந்த வம்பை முன்கூட்டியே கண்டுபிடிக்க உதவும் ஒரு கணிதம் இருக்கிறது. அதன் பெயர் கேட்டகரி தியரி.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இது பல்கலைக்கழகங்களில் உயர்நிலைப் படிப்பில் வரும் கணிதம் என்பது உண்மைதான். ஆனால் அதன் அடிப்படையைப் புரிந்துகொள்ள ஒரு பென்சிலும் ஒரு தாளும் போதும். புள்ளி வைக்கத் தெரிய வேண்டும், அம்புக்குறி போடத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். எனக்கே இது ஒரு தப்பு செய்த பிறகுதான் தெரிய வந்தது. எனவே அந்தத் தப்பிலிருந்தே பாடத்தைத் தொடங்குகிறேன்.

ஒரகடத்தில் ஒரு சம்பள நாள்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியைப் பலருக்கும் தெரிந்திருக்கும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் தயாரிக்கத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006 முதல் 2014 வரை செல்போன் தயாரித்தது. ஒரகடத்தில் ரெனோ நிஸான் ஆலை 2010-லும் டெய்ம்லர் லாரி ஆலை 2012-லும் திறக்கப்பட்டன. இந்தப் பெரிய ஆலைகளைச் சுற்றி அவற்றுக்குப் பாகங்கள் செய்து கொடுக்கும் சிறிய ஷெட்டுகள் நிறைய உண்டு. 2011-ல் அப்படிப்பட்ட ஒரு ஷெட்டில், டைம் ஆபீசில் எனக்கு வேலை. ஆட்களின் வருகையைக் கணக்கெடுத்துச் சம்பளப் பட்டியல் போட வேண்டும்.

எங்களுக்கு இரண்டு கான்ட்ராக்டர்கள் ஆள் அனுப்பினார்கள். முதல் கான்ட்ராக்டரிடம் 62 பேர், இரண்டாவது கான்ட்ராக்டரிடம் 48 பேர். கேட்டில் கைரேகை வைக்கும் மெஷின்கள் இரண்டு. முதல் கான்ட்ராக்டர் ஆட்கள் முதல் மெஷினிலும், இரண்டாவது கான்ட்ராக்டர் ஆட்கள் இரண்டாவது மெஷினிலும் பஞ்ச் செய்வார்கள். இரு கான்ட்ராக்டர்களுமே தங்கள் ஆட்களுக்கு 1 என்று தொடங்கி நம்பர் கொடுத்திருந்தார்கள். அதனால் 23-ம் நம்பர் ஆள் இரண்டு பேர் இருந்தார்கள். அது வரை சம்பளப் பட்டியலும் இரண்டு தனித்தனி பைல்களாக இருந்ததால் யாருக்கும் இது பிரச்சினையாகத் தெரியவில்லை.

அந்த மாதம் முதலாளி, "இரண்டு பைல் எதற்கு? ஒன்றாகப் போட்டு விடு" என்றார். நானும் போட்டேன். இரண்டு மெஷின்களின் ஓ.டி. விவரத்தையும் ஒரே ஒர்க் ஷீட்டில் அடுத்தடுத்து ஒட்டினேன். மொத்தம் 110 வரிகள். அதில் 'மெஷின்' என்று ஒரு நெட்டு வரிசை இருந்தது. சம்பளத்திற்கும் மெஷினுக்கும் என்ன சம்பந்தம் என்று அதை அழித்து விட்டேன். பிறகு விலுக்அப் என்ற பங்ஷனைக் கொண்டு, ஒவ்வொருவரின் நம்பருக்கும் எதிரே அவருடைய ஓ.டி. மணியை வரவழைத்தேன். மொத்தத் தொகை போன மாதத் தொகைக்குப் பக்கத்தில் வந்தது. முதலாளி கையெழுத்துப் போட்டார்.

சம்பள நாள் மாலையில் இரண்டாவது கான்ட்ராக்டரின் 23-ம் நம்பர்காரர் என் ஜன்னலுக்கு வந்தார். வாலாஜாபாத் பக்கத்துக்காரர், என்னை விட வயதில் மூத்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். பே ஸ்லிப்பை நீட்டினார். ஓ.டி. 6 மணி என்று இருந்தது.

"தம்பி, நான் 34 மணி பாத்திருக்கேன். இதுல 6-ன்னு போட்டிருக்கே?"

"மெஷின்ல அப்படித்தாண்ணே வந்திருக்கு. கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்தார். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே எத்தனை மணி நேரம் கூடுதலாக வேலை பார்த்தார் என்று பால்பாயிண்ட் பேனாவால் எழுதியிருந்தது. கூட்டினேன். 34 மணி. அப்போது அமலில் இருந்த 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டப்படி ஓ.டி.க்கு இரு மடங்கு கூலி. அவருக்கு மணிக்கு 25 ரூபாய், ஓ.டி.க்கு 50 ரூபாய். விட்டுப்போன 28 மணிக்கு 1,400 ரூபாய். மகளின் பாலிடெக்னிக் கட்டணத்திற்கு மறுநாள்தான் கடைசித் தேதி.

இரவு உட்கார்ந்து இரண்டு மெஷின்களின் மூல பைல்களையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டாவது கான்ட்ராக்டரின் 48 பேருக்குமே முதல் கான்ட்ராக்டரின் அதே நம்பர் ஆட்களுடைய ஓ.டி. விழுந்திருந்தது. 17 பேருக்குத் தற்செயலாகச் சரியாக இருந்தது. 14 பேருக்குக் குறைந்தது. 17 பேருக்குக் கூடியது. குறைந்ததும் கூடியதும் ஏறக்குறையச் சமமாக இருந்ததால்தான் மொத்தத் தொகையில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை. மறுநாள் மதியம் குறைந்தவர்களுக்குப் பணம் கொடுத்தோம். அதற்குள் அண்ணன் காலையிலேயே வட்டிக்கு வாங்கிக் கட்டணத்தைக் கட்டியிருந்தார்.

கம்ப்யூட்டர் தப்பு செய்யவில்லை என்பது உண்மைதான். நான் செய்த தப்பை அது 48 முறை சரியாகச் செய்திருந்தது.

புள்ளியும் அம்பும்

என் அக்கா மகன் அப்போது சிறுசேரியில் உள்ள சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிடியூட்டில் படித்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவனிடம் நடந்ததைச் சொன்னேன். அவன் ஒரு தாளில் நான்கு புள்ளிகளை வைத்தான். தொழிலாளி, ஓ.டி. வரி, மெஷின், கான்ட்ராக்டர் என்று பெயர் எழுதினான். பிறகு அம்புகள் போட்டான்.

தொழிலாளி → ஓ.டி. வரி
ஓ.டி. வரி → மெஷின்
மெஷின் → கான்ட்ராக்டர்
தொழிலாளி → கான்ட்ராக்டர்

"மாமா, உங்க எக்ஸெல் பைல் முழுக்க இந்தப் படத்துலயே இருக்கு. இதுக்குப் பேர்தான் கேட்டகரி" என்றான்.

கேட்டகரி தியரியில் புள்ளிகளை ஆப்ஜெக்ட் என்பார்கள். அம்புகளை மார்பிசம் என்பார்கள். நாம் புள்ளி, அம்பு என்றே வைத்துக்கொள்வோம். நம் கணக்கில் ஒரு புள்ளி என்பது ஒரு டேபிள். ஒரு அம்பு என்பது ஒரு டேபிளின் ஒவ்வொரு வரியிலிருந்தும் இன்னொரு டேபிளின் ஒரு வரிக்குப் போகும் வழி. அம்புகளை மூன்று விதமாகச் சோதிக்கலாம்.

சோதனை 1: ஒன்றுக்கு ஒரே ஒரு முடிவு

நம் டேபிள்களில் ஒரு அம்பு புறப்படும் இடத்தில் உள்ள ஒவ்வொன்றும் போய்ச் சேரும் இடம் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். போகாமல் நிற்கக் கூடாது, இரண்டு இடத்திற்கும் போகக் கூடாது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் கான்ட்ராக்டர் ஒருவர்தான். எனவே தொழிலாளி → கான்ட்ராக்டர் என்பது அம்பு. ஆனால் திருப்பிப் போட்டால் அம்பு ஆகாது. ஒரு கான்ட்ராக்டரிடம் 62 பேர் இருக்கிறார்கள், யாரிடம் போவது?

நான் செய்த தப்பு இங்கேதான். நம்பர் → தொழிலாளி என்று ஒரு அம்பு இருப்பதாக நினைத்துக்கொண்டேன். அப்படி ஒரு அம்பே கிடையாது. 23 என்ற நம்பர் இரண்டு பேரிடம் போகிறது. விலுக்அப் இதைப் பற்றி எச்சரிக்காது. மேலிருந்து தேடிக்கொண்டே வந்து முதலில் கிடைத்த 23-ஐ எடுத்துக்கொடுத்து விட்டு நின்று விடும்.

"அப்படியானால் பெயரை வைத்துத் தேடினால் என்ன?" என்று கேட்டேன்.

"உங்க லிஸ்ட்டுல எத்தனை முருகன் மாமா?"

எண்ணிப் பார்த்தேன். 5 பேர். வல்லக்கோட்டை முருகன் கோயில் பக்கத்திலேயே இருக்கும்போது அந்தப் பெயருக்குப் பஞ்சமா என்ன? பெயர் → தொழிலாளி என்பதும் அம்பு இல்லை.

சரி, வழி என்ன? கான்ட்ராக்டர், நம்பர் இரண்டையும் ஜோடியாக எடுத்துக்கொள்வது. முதல் கான்ட்ராக்டரின் 23 வேறு, இரண்டாவது கான்ட்ராக்டரின் 23 வேறு. இப்படி ஜோடி சேர்ப்பதைக் கேட்டகரி தியரியில் ப்ராடக்ட் என்பார்கள். பட்டியலில் உள்ள ஒவ்வொரு ஜோடியும் ஒரே ஒரு தொழிலாளியிடம் போகிறது. இப்போது அம்பு கிடைத்து விட்டது.

சோதனை 2: அம்போடு அம்பு

ஒரு அம்பு முடியும் இடத்தில் இன்னொரு அம்பு தொடங்கினால் இரண்டையும் சேர்த்து ஒரே அம்பாக்கலாம். ஓ.டி. வரி → மெஷின், மெஷின் → கான்ட்ராக்டர் இரண்டையும் சேர்த்தால் ஓ.டி. வரி → கான்ட்ராக்டர் கிடைக்கிறது. இதைக் காம்போசிஷன் என்பார்கள். எக்ஸெல்லில் ஒரு விலுக்அப் கொடுத்த விடையை இன்னொரு விலுக்அப்பிற்குக் கொடுப்பது இதுதான்.

மூன்று அம்புகள் வரிசையாக இருந்தால் முதல் இரண்டை முன்பே சேர்த்தாலும், கடைசி இரண்டை முன்பே சேர்த்தாலும் முடிவு மாறக் கூடாது. தவிர, ஒவ்வொரு புள்ளிக்கும் தன்னிடமிருந்து தன்னிடமே வரும் 'ஒன்றும் செய்யாத' அம்பு ஒன்று உண்டு. எந்த அம்போடும் அதைச் சேர்த்தால் பழைய அம்பே கிடைக்கும். ஒரு எண்ணோடு பூஜ்யத்தைக் கூட்டுவது போல. புள்ளிகள், அம்புகள், சேர்க்கும் முறை, ஒன்றும் செய்யாத அம்பு: இவை இருந்து இந்த விதிகளுக்கும் கட்டுப்பட்டால் அது ஒரு கேட்டகரி. முழு இலக்கணமே இவ்வளவுதான்.

சோதனை 3: இரண்டு வழி, ஒரே முடிவு

இதுதான் மிகவும் பயனுள்ள பகுதி. நம் படத்தில் தொழிலாளியிலிருந்து கான்ட்ராக்டருக்குப் போக இரண்டு வழிகள் இருக்கின்றன.

வழி ஒன்று: தொழிலாளி → கான்ட்ராக்டர்
வழி இரண்டு: தொழிலாளி → ஓ.டி. வரி → மெஷின் → கான்ட்ராக்டர்

எங்கள் ஷெட்டின் நடைமுறைப்படி இரண்டு வழியில் போனாலும் ஒரே கான்ட்ராக்டரிடம்தான் போய்ச் சேர வேண்டும். கணிதத்தில் இதைக் 'கம்யூட் ஆகும் படம்' என்பார்கள்.

அண்ணனின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். முதல் வழியில் போனால் இரண்டாவது கான்ட்ராக்டர். அடுத்த வழியில் போனால், நான் எடுத்த தவறான ஓ.டி. வரி முதல் மெஷினில் பதிவானது, எனவே முதல் கான்ட்ராக்டர். இரண்டும் ஒத்துப்போகவில்லை! கூட்டல் கழித்தல் எதுவும் இல்லாமல், அவர் எத்தனை மணி வேலை பார்த்தார் என்பதே தெரியாமல், தப்பு பிடிபட்டு விட்டது. அவருக்கு மட்டுமல்ல. தற்செயலாகத் தொகை சரியாக வந்த 17 பேர் உட்பட 48 பேருக்கும் பிடிபட்டிருக்கும்.

நானோ அந்த இரண்டாவது வழியில் இருந்த 'மெஷின்' என்ற நெட்டு வரிசையைத் தேவையில்லை என்று அழித்து விட்டேன். சம்பளத்தைக் கணக்கிட அது தேவையில்லைதான். கணக்கு சரியா என்று பார்க்க அது தேவை.

பார்முலாவைக் கீழே இழுக்கும்போது

ஒரு கேட்டகரியை இன்னொரு கேட்டகரிக்கு மாற்றுவதை ஃபங்க்டர் என்பார்கள். புள்ளிக்குப் புள்ளி, அம்புக்கு அம்பு என்று மாற வேண்டும். சேர்க்கை கெடக் கூடாது. முதல் படத்தில் இரண்டு வழிகள் ஒரே முடிவுக்கு வந்தால், மாறிய படத்திலும் ஒரே முடிவுக்கு வர வேண்டும்.

நீங்கள் தினமும் ஒரு ஃபங்க்டரைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் நம்புவீர்களா? ஒரு செல்லில் பார்முலா எழுதி, அதன் மூலையில் மவுஸை வைத்துக் கீழே இழுக்கிறீர்களே, அதுதான். ஓ.டி. மணிகள் 6, 34, 10 என்று வைத்துக்கொள்வோம். முதல் பார்முலா 50-ஆல் பெருக்குகிறது. கீழே இழுத்தால் 300, 1700, 500. அடுத்த நெட்டு வரிசையில் இரண்டாவது பார்முலா சாப்பாட்டுப் படி 30 ரூபாயைக் கூட்டுகிறது. கீழே இழுத்தால் 330, 1730, 530. இப்போது பெருக்குவதையும் கூட்டுவதையும் ஒரே பார்முலாவாக எழுதி ஒரே முறை இழுத்துப் பாருங்கள். அதே 330, 1730, 530 தான் வரும். இரண்டு முறை இழுப்பதும், சேர்த்து ஒரு முறை இழுப்பதும் ஒன்றுதான். இது லிஸ்ட் ஃபங்க்டரின் விதி. ஹாஸ்கெல் போன்ற கம்ப்யூட்டர் மொழிகளில் இந்த விதியை நம்பித்தான் புரோகிராமைக் கம்பைலர் வேகப்படுத்துகிறது. லிஸ்ட்டை இரண்டு முறை சுற்றுவதற்குப் பதில் ஒரே சுற்றில் முடித்து விடும்.

பழைய பைலிலிருந்து புதிய பைலுக்கு டேட்டாவை மாற்றுவதும் ஃபங்க்டராக இருக்க வேண்டும். மாற்றுவதற்கு முன் பழைய படத்தையும் புதிய படத்தையும் தாளில் வரையுங்கள். பழைய படத்தின் ஒவ்வொரு அம்பும் புதிய படத்தில் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுங்கள். நான் பைல்களைச் சேர்த்த அன்று அப்படிக் காட்ட முயன்றிருந்தால், ஓ.டி. வரி → மெஷின் என்ற அம்பிற்குப் புதிய பைலில் இடமே இல்லை என்று அங்கேயே தெரிந்திருக்கும்.

எங்கிருந்து வந்தது இது?

சாமுவேல் ஐலன்பர்க், சாண்டர்ஸ் மக்லேன் என்ற இரு கணித அறிஞர்கள் 1945-ல் வெளியிட்ட கட்டுரையில் கேட்டகரி தியரி முழு வடிவில் வந்தது. அப்போது கம்ப்யூட்டரை மனதில் வைத்து அவர்கள் இதை உருவாக்கவில்லை. வடிவங்களைப் பற்றிய டோபாலஜி என்ற கணிதத்திற்காக உருவாக்கினார்கள். கேட்டகரி என்ற சொல்லை அரிஸ்டாட்டில், காண்ட் என்ற தத்துவ அறிஞர்களிடமிருந்தும், ஃபங்க்டர் என்ற சொல்லைக் கார்னப்பிடமிருந்தும் கடன் வாங்கினார்கள்.

கம்ப்யூட்டர் அறிவியலுக்கு இது ஏன் பொருந்தியது? புரோகிராம் என்பதே ஒரு வகை டேட்டாவை வாங்கி இன்னொரு வகை டேட்டாவைத் தரும் அம்புதானே! இத்தாலியைச் சேர்ந்த யூஜீனியோ மோகி, 1989-லும் 1991-லும் வெளியிட்ட கட்டுரைகளில் மோனாட் என்ற கேட்டகரி தியரிக் கருத்தைப் புரோகிராம்களுக்குப் பொருத்திக் காட்டினார். பிலிப் வாட்லர் அதை ஹாஸ்கெல் புரோகிராமர்களிடம் கொண்டுசேர்த்தார். ஹாஸ்கெல்லை உருவாக்கியவர்களில் ஒருவரான சைமன் பெய்டன் ஜோன்ஸ், மைக்ரோசாப்ட்டின் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்தபோது எக்ஸெல்லை மேம்படுத்தும் பணியிலும் ஈடுபட்டார். நாமே புதிய பங்ஷன்களை எழுதிக்கொள்ள உதவும் லாம்டா வசதியை எக்ஸெல்லில் மைக்ரோசாப்ட் அறிவித்தது 2020 டிசம்பரில்.

டேட்டாபேஸைப் புள்ளியும் அம்புமாகப் பார்ப்பது பற்றி எம்.ஐ.டி.யில் இருந்த டேவிட் ஸ்பிவாக் 2012-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு படத்திலிருந்து இன்னொரு படத்திற்கு ஃபங்க்டர் கிடைத்து விட்டால், டேட்டாவை மாற்ற மூன்று வழிகள் தாமாகவே கிடைத்து விடுகின்றன என்பது அதன் சாரம். இதைக் கொண்டு சி.க்யூ.எல். என்ற மொழியும் உருவானது.

நம் ஊர்த் தொடர்பும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ராம் ஸ்ரீராம், தரம், அளவை ஆகியவற்றுக்கான அமெரிக்க அரசு ஆய்வு நிறுவனமான நிஸ்ட்டில் பணியாற்றியவர். அவரும் ஈஸ்வரன் சுப்ரமணியன், ஸ்பென்சர் பிரெய்னர் ஆகியோரும் பொறியியல் அமைப்புகளுக்குக் கேட்டகரி தியரியைப் பயன்படுத்துவது பற்றி எழுதியிருக்கிறார்கள். இதற்கென்றே 2018 மார்ச்சில் நிஸ்ட் ஒரு கருத்தரங்கும் நடத்தியது. ஒரு கார் உருவாகப் பல கம்பெனிகளின் பாகங்கள் வேண்டும், ஒவ்வொரு கம்பெனிக்கும் சொந்தமாகப் பார்ட் நம்பர் முறை இருக்கும். ஒரகடம் போன்ற இடத்தில் இந்தக் கணிதத்திற்கு எவ்வளவு வேலை இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

வீட்டிலேயே செய்து பாருங்கள்

இனி உங்கள் கம்ப்யூட்டரில் செய்து பார்ப்போம். கல்யாணப் பத்திரிகை வைக்கும் பட்டியலை எடுத்துக்கொள்வோம். பார்முலாக்களில் செல் முகவரியையும் பங்ஷன் பெயரையும் ஆங்கில எழுத்திலேயே டைப் செய்ய வேண்டும் என்பது நினைவிருக்கட்டும்.

1. எக்ஸெல்லைத் திறந்து மூன்று ஒர்க் ஷீட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். விருந்தினர், குடும்பம், பத்திரிகை வைப்பவர் என்று பெயர் கொடுங்கள்.

2. குடும்பம் ஷீட்டில் ஏ நெட்டு வரிசையில் குடும்ப எண், பி-யில் ஊர். பத்திரிகை வைப்பவர் ஷீட்டில் ஏ-யில் பெயர், பி-யில் அவர் போகும் ஊர்.

3. விருந்தினர் ஷீட்டில் ஏ-யில் விருந்தினர் பெயர், பி-யில் குடும்ப எண், சி-யில் யார் பத்திரிகை வைக்கிறார் என்ற பெயர்.

4. முதலில் ஒன்றுக்கு ஒரே முடிவா என்ற சோதனை. குடும்பம் ஷீட்டின் சி2 செல்லில் கவுண்ட்இஃப் பங்ஷனைப் போட்டு, ஏ நெட்டு வரிசையில் ஏ2-வின் மதிப்பு எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். கீழே இழுங்கள். எல்லா வரியிலும் 1 வர வேண்டும். 2 வந்தால் அங்கே அம்பு இல்லை. பத்திரிகை வைப்பவர் ஷீட்டிலும் இதைச் செய்யுங்கள்.

5. விருந்தினர் ஷீட்டின் டி2-வில் விலுக்அப் போட்டு, பி2-வில் உள்ள குடும்ப எண்ணுக்கு ஊரை வரவழையுங்கள். இ2-வில் சி2-வில் உள்ளவர் போகும் ஊரை வரவழையுங்கள்.

6. எஃப்2-வில் இஃப் பங்ஷன் கொண்டு டி2-வும் இ2-வும் சமமா என்று பாருங்கள். சமமானால் 'சரி', இல்லாவிட்டால் 'பார்' என்று வரும்படி எழுதிக் கீழே இழுங்கள். 'பார்' என்று வந்த வரிகளில் மதுரைக்காரருக்குத் திருச்சி போகும் சித்தப்பாவிடம் பத்திரிகையைக் கொடுத்திருப்பீர்கள்!

கவனிக்க வேண்டியவை

விலுக்அப்பில் நான்காவதாக ஃபால்ஸ் என்று கொடுக்க மறக்காதீர்கள். எதுவும் கொடுக்காமல் விட்டால் அது தோராயமான விடையைத் தேடும். அகர வரிசையிலோ எண் வரிசையிலோ அடுக்காத லிஸ்ட்டில் தவறான விடை வரலாம். 2019-ல் அறிமுகமான எக்ஸ்லுக்அப் பங்ஷனில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதுவும் ஒரே எண் இரண்டு முறை இருந்தால் முதலில் கிடைப்பதைத்தான் தரும்.

இரண்டு செல்களை ஜோடி சேர்க்க ஆம்பர்சண்ட் குறியைப் பயன்படுத்தும்போது நடுவில் ஒரு கோடு வையுங்கள். கோடு இல்லாவிட்டால் 1-ம் 12-ம் சேர்ந்து 112. 11-ம் 2-ம் சேர்ந்தாலும் 112! கோடு வைத்தால் 1-12, 11-2 என்று வேறுபடும். இதைப் பார்முலா மூலமே செய்யுங்கள். 1-12 என்று நேராக டைப் செய்தால் எக்ஸெல் அதைத் தேதி என்று நினைத்துக்கொள்ளலாம்.

மெஷின் தரும் சி.எஸ்.வி. பைலை நேரடியாக டபுள் கிளிக் செய்து திறந்தால் 0023 என்பது 23 ஆகி விடக்கூடும். 0023, 23 என்று இரண்டு ஆட்கள் இருந்தால் இருவரும் ஒருவராகி விடுவார்கள். அந்த நெட்டு வரிசையை டெக்ஸ்ட் என்று குறிப்பிட்டு இம்போர்ட் செய்யுங்கள்.

இது எதைச் செய்யாது?

இரண்டு வழிகளும் ஒரே மாதிரி தப்பாக இருந்தால் இந்தச் சோதனையால் கண்டுபிடிக்க முடியாது. 34 மணி வேலை பார்த்தவருக்கு மெஷினே 30 என்று பதிவு செய்திருந்தால் அம்புகள் எல்லாம் ஒத்துப்போகும், கூலி மட்டும் குறையும். மெஷினைச் சாராத இன்னொரு வழி அதற்கு வேண்டும். அண்ணனின் சட்டைப் பை நோட்டு அப்படிப்பட்ட வழி.

அடுத்த மாதத்திலிருந்து பட்டியலில் மெஷின் நெட்டு வரிசை திரும்ப வந்தது. அதன் பக்கத்தில் 'சரி', 'பார்' என்று ஒரு வரிசையும் சேர்ந்தது. தவிர, சம்பளத்திற்கு மூன்று நாள் முன்பே ஓ.டி. மணி விவரத்தை அச்செடுத்துக் கேட்டருகே ஒட்டத் தொடங்கினேன். அவரவர் நோட்டோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம். முதல் மாதம் அதைப் பார்க்க வந்தவர்களில் அண்ணனும் ஒருவர். நோட்டை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். "சரியா இருக்கு தம்பி" என்று சொல்லி விட்டு ஷிப்டுக்குப் போனார். நோட்டு எழுதுவதை அவர் நிறுத்தவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

பயிற்சிக் கேள்விகள்

1. உங்கள் செல்போனில் உள்ள முகவரிப் பட்டியலில் ஆள் → போன் நம்பர் என்பது அம்பா?

2. போன் நம்பர் → ஆள் என்பது அம்பா?

3. பத்திரிகை வைக்கும் பட்டியலில் உங்கள் சித்தப்பா திருச்சிக்கும் மதுரைக்கும் போகிறார். வைப்பவர் → ஊர் என்ற அம்பு என்ன ஆகும்? எப்படிச் சரி செய்வீர்கள்?

விடைகள்

1. ஒருவரிடம் இரண்டு நம்பர்கள் இருந்தால் அம்பு இல்லை. 'முதன்மை நம்பர்' என்று ஒன்றை மட்டும் எல்லோருக்கும் குறித்தால் அம்பாகும்.

2. வீட்டு லேண்ட்லைனை நான்கு பேர் பயன்படுத்தினால் அம்பு இல்லை. போன் நம்பர் → வீடு என்று மாற்றினால் அம்பாகும்.

3. அம்பு உடைந்து விடும். 'பயணம்' என்று புதிய புள்ளி ஒன்றை வையுங்கள். சித்தப்பாவுக்கு இரண்டு பயணங்கள். ஒவ்வொரு பயணத்திற்கும் போகிறவர் ஒருவர், ஊர் ஒன்று. பயணம் → வைப்பவர், பயணம் → ஊர் என்று இரண்டு நல்ல அம்புகள் கிடைக்கும். விருந்தினர் பட்டியலின் சி நெட்டு வரிசையில் பெயருக்குப் பதில் பயண எண்ணைப் போடுங்கள்.

மூன்றாவது விடையைத் தாளில் வரைந்து பார்த்து விட்டு எக்ஸெல்லில் போடுங்கள். படம் தெளிவாக இருந்தால் ஷீட் தானாக அமைந்து விடும்.